மெழுகிய சுவர்

ஆஸ்பத்திரிக்கு வந்து நான்காம் நாளும் இராசமலரின் கழுத்து மடங்கவில்லை. தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினால் முதுகும் சேர்ந்து பலகைபோல எழும்பியது. திறந்த கண்கள் கூரையைப் பார்த்தன. குனிந்து நின்ற தாய் கமலாசனியைப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளை.

யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியின் விசுவமடுவில் காணி கிடைத்து வந்த குடும்பம். வன்னிக்குப் போனால் காய்ச்சல் வரும் என்று சொல்லித்தான் ஊரவர் அனுப்பினார்கள். அந்தக் காய்ச்சல்தான் என்று மலேரியாக் குளிசை கொடுத்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது.

கமலாசனியை அரித்தது வேறொன்று. மார்கழியில் மலேரியாக்காரர் வந்து மண்சுவரெல்லாம் நுளம்பு சாக மருந்தடித்துவிட்டு, "ஆறு மாசத்துக்கு மெழுகிப்போடாதேங்கோ அக்கா" என்று சொல்லிப் போனார்கள். சுவரெங்கும் வெள்ளைத் திட்டு. "சுவர் பவுடர் பூசியிருக்கம்மா, கலியாணத்துக்குப் போகப்போகுது" என்று மகள் சிரித்தாள். ஆனால் பொங்கல் வருகிறதே! மெழுகாத வீட்டில் எப்படிப் பானை வைப்பது? சாணமும் மண்ணும் குழைத்து எல்லாவற்றையும் மூடி மெழுகினாள். வயலில் நின்ற கணவன் பரமலிங்கத்துக்கு அந்த எச்சரிக்கையே தெரியாது.

டொக்டர் வந்தார். "இரத்தத்திலை மலேரியா இல்லை. இது மூளைக்காய்ச்சல். இதுவும் நுளம்பு கொண்டாற கிருமிதான். கனபேருக்கு இரத்தத்தோடை சரி. சிலபேருக்கு மூளைக்கு ஏறி நரம்புக்குள்ளை பூந்திடும்."

"எப்பிடி ஐயா பூருது?" என்று பரமலிங்கம் கேட்டான்.

"அது எங்களுக்கே வடிவாத் தெரியாது. பூந்தால் அங்கையே பெருகி நரம்பைக் கொண்டுபோடும். அதுக்கு மருந்தில்லை. எவ்வளவு தப்பியிருக்கெண்டு, பிள்ளை ஆரையும் அடையாளம் பிடிச்சால்தான் தெரியும்."

"நான்தான் ஐயா காரணம். மருந்தடிச்ச சுவரை மெழுகிப்போட்டன்." கமலாசனியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

டொக்டர் தலையாட்டினார். "அது வேறை நுளம்பு, அம்மா. இது வயல் தண்ணியிலை பெருகிறது. பொழுதுபட வெளியிலைதான் கூடக் கடிக்கும். பிள்ளை பின்னேரத்திலை எங்கை நிக்கிறவா?"

கதிர் வந்த நாள்முதல் பன்றி வராமல் தகரம் தட்டத் தகப்பன்தான் அவளை வரம்புக்குக் கூட்டிப்போனான்.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கமலாசனிக்கு மூச்சு வந்தது. பாரம் இறங்கினால் யாருக்குத்தான் வராது? ஆனால் நிமிர்ந்தபோது, இறங்கிய பாரம் கணவனின் முகத்தில் ஏறியிருந்ததைக் கண்டாள்.

"வரமாட்டன் எண்டு அழுதவள். நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்" என்றான் அவன்.

"டொக்டர் என்ரை மனம் ஆறச் சொல்லிப்போட்டுப் போறார். மெழுகினது நான்."

"விசர்க்கதை கதையாதை!"

"நீங்கள்தான் விசர்க்கதை கதைக்கிறியள்!"

எல்லைக் காணிக்கு அடிபடுகிறவர்கள்போல, என்னுடையது என்னுடையது என்று இருவரும் குரலை உயர்த்தினார்கள். அப்போதுதான் இராசமலரின் கண்கள் கூரையை விட்டுக் கீழே இறங்கின.

இருவரும் வாயை மூடினார்கள். கண்களும் பாதிவழியில் நின்றுவிட்டன.

"நிப்பாட்டாதேங்கோ" என்றாள் கமலாசனி, மெல்ல. "கதையுங்கோ."

பரமலிங்கம் யன்னலைப் பார்த்தான்.

"ஒட்டுசுட்டான் பஸ் போகுது பிள்ளை. ஆக்கள் தொங்கிக்கொண்டு போயினம். ஒராள் கோழியும் வைச்சிருக்கிறார்..."

கறுத்த கண்மணிகள் இரண்டும் தகப்பனின் குரல் வந்த பக்கம் மெல்ல அசைந்தன.