மூன்றாவது பஞ்சு

"பஞ்சுப் பெட்டி மூடி ஏன் திரும்பியிருக்குன்னு கேட்டா..."

"நான் அந்தப் பக்கமே போறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா..."

"தானா திரும்புமா? கைப்பிடி சுவர்ப் பக்கம் இருக்கணும். இப்ப குளத்துப் பக்கம் இருக்கு."

"காத்துல திரும்பியிருக்கும்."

"நாலு கிலோ மூடி. காத்துல."

"அப்ப பூனை."

"ஆமா, பூனை வந்து கொக்கியக் கழட்டி, மூடியத் தூக்கி, திருப்பி வச்சு, மறுபடி கொக்கியையும் மாட்டிட்டுப் போச்சு. சமத்துப் பூனை. கடையில வேலைக்கு வச்சுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. கொல்லைப்புறக் குளத்தின் கரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை ஈரம். அவள் பின்வாசல் படியில் நின்றாள், தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலை ஒரு கையில், நூல் கோத்த ஊசி மறு கையில்.

"தண்ணியப் பாரு. நாலு நாளா கலங்கிக்கிட்டே வருது. இன்னிக்கு அடி தெரியல."

"வெயில் அப்படி அடிக்குது."

"போன மாசம் இதைவிட வெயில். அப்ப அடியில கிடக்கற கூழாங்கல்ல எண்ணலாம்."

"எனக்கென்ன தெரியும்? உங்க குளம், உங்க மோட்டார், உங்க பஞ்சு."

"நீ தொட்டியா, தொடலையா? அது ஒண்ணு சொல்லு."

"தொடல."

சொல்லிவிட்டு ஊசியைத் திரைச்சீலையில் குத்தினாள். விரலில் குத்திக்கொண்டாள். அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

அடி தெரியாமல் போனால் அவர் இப்படித்தான் ஆகிவிடுவார். ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஐந்து வயது மகளைக் காணவில்லை என்றதும் அவர் கடையிலிருந்து ஓடிவந்து முதலில் நின்றது இந்தக் கரையில்தான். குனிந்து பார்த்தார். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. தன் நிழலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "இங்க இல்ல!" என்று கத்திவிட்டுத் தெருவுக்கு ஓடினார். ஒரு மணி நேரம் தெருத்தெருவாகத் தேடிவிட்டுத் திரும்பிவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இலை அள்ளும் வலையை உள்ளே விட்டார்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அந்தக் கதையைச் சொன்னதில்லை.

"ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடறவன் நான். என் காலடியில கிடந்தவளப் பார்க்கல" என்று அன்றைக்கு ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான்.

மண் போட்டு மூடிவிடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். அவர் மூடவில்லை. சுற்றிக் கம்பிவேலி போட்டார். பெரிய மோட்டார் வாங்கினார். அது அடியிலிருந்து தண்ணீரை இழுத்து, கரையிலிருக்கும் கறுப்புப் பெட்டிக்குள் தள்ளும். பெட்டிக்குள் மூன்று பஞ்சுகள்: முரடான கறுப்பு, நடுத்தரமான நீலம், கடைசியில் மெல்லிய வெள்ளை. மூன்றையும் தாண்டி வருகிற தண்ணீர் கரையில் பதித்த கல்வாய் வழியாகத் திரும்பக் குளத்தில் விழும். தினமும் இலை அள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் ஒரே ஒரு பஞ்சை அலசுவார். இந்த வாரம் கறுப்பு, அடுத்த வாரம் நீலம். மூன்றையும் ஒரேயடியாகத் தொடமாட்டார். பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன, அவைதான் அழுக்கைத் தின்கின்றன, குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் மருந்து பட்டால் அத்தனையும் செத்துவிடும் என்பார். கலியாணமான புதிதில், முதல்முதலாகக் குளம் வெட்டியபோதே சொன்னார். அவள் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

தண்ணீர் தெளிந்தது. தெளியத் தெளிய அவர் கரையிலேயே கிடந்தார். கடையை மத்தியானம் பூட்டிவிட்டுச் சாப்பிட வருகிறவர், சாப்பிடாமல் நேரே கொல்லைக்குப் போவார். பிறகு பேச ஆரம்பித்தார்.

தையல் இயந்திரம் பின்சன்னலோரம் இருந்தது. மிதியை நிறுத்தினால் கேட்கும்.

"சாப்பிட்டியா?" என்பார். நிறுத்துவார். "அதெல்லாம் பொய்." நிறுத்துவார். "அடி வாலு!" என்று சிரிப்பார்.

தனியாகப் பேசுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அந்த இடைவெளிதான் அவளைப் படுத்தியது. ஒரு வாலுப் பெண் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம். சில சமயம் நீளக் கதை சொல்கிற மாதிரி நீண்ட இடைவெளி; அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கல்வாயில் விழுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் கொஞ்சம் மாறும். மாறுகிற மாதிரி அவளுக்குப் படும்.

"யார்கிட்டங்க பேசுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வந்து பாரேன்."

"வேணாம்."

"அவளும் கேக்கறா, அம்மா ஏன் வர மாட்டேங்குறான்னு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதையேதான் நானும் சொன்னேன். அம்மாவுக்குப் பயம்னு."

இதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். துக்கம் ஆளை என்னென்னவோ செய்யும், போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு மத்தியானம், மிதியை நிறுத்தியபோது இது கேட்டது.

"என்ன ரகசியம்?"

இடைவெளி.

"யாரு சொல்ல வேணாம்னா? அம்மாவா?"

இடைவெளி.

"சரி. நாளைக்குச் சொல்லு."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. அது ஒரே ஒரு விஷயமாகத்தான் இருக்க முடியும். அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருத்தி தண்ணீரில்.

மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் லென்ஸ் வாங்க வெளியூர் போயிருந்தார். அவருடைய அக்கா வருவதாக இருந்தது. அந்த நாத்தனார் அலமாரிக்குப் பின்னால்கூட விரலை விட்டுத் தூசி பார்க்கிறவர். இவள் வீட்டை மேலிருந்து கீழே கழுவினாள். கழுவிய கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். பஞ்சு மூன்றும் பழுப்பேறி நாறின. கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள்.

"அம்மா, அப்பா குழாயில கழுவ மாட்டாரே."

"உங்கப்பாவுக்குச் சோம்பேறித்தனம். பாரு, எவ்வளவு அழுக்கு!"

"நானும் ஒண்ணு பிழியறேன்."

"இந்தா, மூணாவது உனக்கு. சின்னது. நல்லா அழுத்திப் பிழி."

"பால் மாதிரி வெள்ளையாயிடுச்சும்மா! அப்பாகிட்டச் சொல்லட்டா?"

"சொல்லாதே. அவரே பார்த்து அசந்துபோகட்டும்."

குழந்தை சொல்லவில்லை. அவர் ஊரிலிருந்து வந்தார், ஒரு வாரம் அக்காவோடு பொழுது போயிற்று. பத்தாம் நாள் தண்ணீர் பச்சையானது. பதினோராம் நாள் அந்த மத்தியானம்.

அதனால்தான், கத்தரிக்கோல் விழுந்த மறுநாள் காலை, அவர் கடைக்குப் போனதும் அவள் வேலிக்கதவைத் திறந்தாள். தண்ணீரைப் பார்க்காமல், பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். மூன்று பஞ்சையும் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பழையபடி தெரிவதற்காகக் குளத்தங்கரைச் சேற்றை மேலே பூசி உள்ளே வைத்தாள். தண்ணீர் பச்சையாகட்டும். அடி மறையட்டும். மறைந்தால் அவர் பார்க்க மாட்டார். பார்க்காவிட்டால் பேச்சு நின்றுவிடும். அதற்குள் குழந்தை சொல்லிவிடாமல் இருக்க வேண்டுமே என்று, எந்தத் தாயும் வேண்டாத வேண்டுதலை வேண்டிக்கொண்டாள்.

மூடியைத் திருப்பி வைத்துவிட்டாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"மோட்டார்க்காரரை வரச்சொல்லியிருக்கேன்" என்றார் அவர்.

"எதுக்கு வீண் செலவு? ரெண்டு நாள்ல தானா தெளியும்."

"வந்துட்டேன், வந்துட்டேன். கதவு திறந்தே கிடந்துச்சு" என்றபடி பக்கவாட்டு வழியாகப் பையோடு நுழைந்தார் மோட்டார்க்காரர். குளத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "என்னண்ணே இது? குளமா, சாயப்பட்டறையா? போன மாசம் பார்த்தப்ப இறங்கி முகம் சவரம் பண்ணலாம்போல இருந்துச்சு."

"மோட்டாரப் பாருங்க."

மோட்டாரைத் தூக்கினார், சுழற்றினார், காதருகே வைத்துக் கேட்டார். "இதுக்கு ஒண்ணுமில்ல. என்னைவிட ஆரோக்கியமா இருக்கு. அண்ணி, ஒரு டீ கிடைக்குமா?"

அவள் அசையவில்லை. மோட்டார்க்காரரின் கை பெட்டிக்குள் போயிருந்தது.

கறுப்புப் பஞ்சை எடுத்து மூக்கருகே வைத்தார். நீலத்தை எடுத்தார். அப்புறம் வெள்ளையை. "நல்ல பஞ்சு மழை பேஞ்ச மண்ணு மாதிரி மணக்கும்ணே. இதுல ஒண்ணுமே இல்ல" என்றார். இரண்டு கட்டைவிரலாலும் வெள்ளையைப் பிளந்து காட்டினார். மேலே சேறு. உள்ளே பால்போல வெள்ளை. "பார்த்தீங்களா? யாரோ குழாயில கழுவியிருக்காங்க. கழுவிட்டு, மேல சேத்தையும் பூசியிருக்காங்க. விவரமான ஆளு. அன்னிக்கும் இதே மாதிரி உள்ள வெளேர்னு..."

சட்டென்று நிறுத்தினார். படியில் நின்றவளைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய மோட்டாரைக் கழற்ற வந்த அன்று, இதே படியில் வைத்து, "அண்ணி, பஞ்சைக் குழாயில காட்டினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டவர் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்காமல் போனவர்.

"இல்லண்ணே, பஞ்சு பழசானாலும் இப்படி ஆகும்" என்றார் இப்போது, பையைத் தேடிக்கொண்டே. "புதுசு கொண்டுவந்து போடறேன். பாதிப் பழசு, பாதிப் புதுசுன்னு வைக்கணும். என்ன, செத்தது மறுபடி குடிவர ஒரு மாசம் ஆகும்."

"குழாயில கழுவினா எத்தனை நாள்ல பச்சையாகும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். குரலில் கோபமில்லை. கடையில் வருகிறவர்களிடம் எந்த எழுத்துவரை தெரிகிறது என்று கேட்பாரே, அந்தக் குரல்.

"அது... வெயிலப் பொறுத்து. ஒரு வாரம், பத்து நாள். நான் வரேண்ணே. டீ இன்னொரு நாள் குடிச்சுக்கறேன் அண்ணி."

பக்கவாட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் பிளந்த வெள்ளைப் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார். அதைத் தண்ணீரில் மெல்ல நனைத்தார். பிழிந்தார். மறுபடி நனைத்தார்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றாள் அவள்.

"இரு."

"திரைச்சீலை இன்னிக்குக் குடுக்கணும்ங்க."

"குடுக்கலாம். வா, இப்படி உக்காரு. இப்பதான் ஒண்ணும் தெரியாதே, என்ன பயம்?"

அவள் வந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்தபடி, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மோட்டார் நின்றிருந்தது. கல்வாய் உலர்ந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் இரண்டு நிழல் மட்டும் தெரிந்தது.

"தப்பு செஞ்சவங்க தூங்க மாட்டாங்கன்னு சொல்வாங்க" என்றார். "நீ தூங்கறதே இல்ல. மூணு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், தெரியாதா எனக்கு? நானும் தூங்கல. அன்னிக்கு நான் பார்க்காம விட்டேனேன்னு."

"அது உங்க தப்பில்லைங்க."

"தெரியும். இப்ப தெரியும்."

"யாரு... யாரு சொன்னது?"

அவர் பஞ்சைக் கடைசியாக ஒருமுறை அழுத்திப் பிழிந்து, அவள் மடியிலிருந்த திரைச்சீலையின்மேல் வைத்தார். சின்னது. ஒரு குழந்தையின் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு.

"மூணாவத நீதான் அவளைப் பிழியச் சொன்னியாமே?"