பதினெட்டு

பனி கொட்டிய ஜனவரி காலையில் ஓட்வார் கீழ்த்தள அறையின் ஜன்னலைத் திறந்து, பிஸ்கட் அளவிலிருந்த கறுப்பு வில்லையை அதன் விளிம்பிலேயே வைத்தான். ரேடான் வாயுவை அளக்கும் வில்லை. ஜன்னலை விட்டுத் தள்ளி, படுக்கை உயரத்தில் வைக்கவேண்டும், அறையில் வழக்கம்போல் புழங்கவேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் திறந்திருப்பதும் ஒரு வழக்கம்தானே என்று ஓட்வார் நினைத்துக்கொண்டான். அந்த வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

பாறையிலிருந்து கசிந்து கீழ்த்தளங்களில் தேங்கும் அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. வருடக்கணக்கில் இருந்து நுரையீரலைத் தின்னும். இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமலிருக்கப் பக்கத்து வீட்டு ஸ்டைனார் விடமாட்டான். விறகடுப்பைப் பிடுங்கி எறிந்தவன் அவன். கிறிஸ்துமஸுக்குக்கூட மெழுகுவர்த்தி ஏற்றாமல் பேட்டரி விளக்கை வைத்தவன். மற்றவர்கள் பேரப்பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் தன் கீழ்த்தளத்தின் அளவைச் சொல்வான்: நாற்பது. இந்த எண் குறையக் குறைய நல்லது. அதைக் கேட்கும்போது தன் மனைவி லிவ்வின் முகத்தில் வரும் வெளிச்சத்தை ஓட்வார் கவனித்திருக்கிறான். அவள் தன்னை அப்படிப் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால்.

அதையும் பொறுத்திருப்பான். ஆனால் மகள் இங்வில் பிள்ளைத்தாய்ச்சியாக பெர்கனிலிருந்து தனியே திரும்பி வருகிறாள் என்றதும், காலியாகக் கிடந்த தன் கீழ்த்தளத்தைத் தருவதாக ஸ்டைனார் சொல்லிவிட்டான். அங்கே காற்று சுத்தம் என்று லிவ்வும் தலையாட்டினாள். தன் பேரக்குழந்தை அந்த நாற்பதில் மூச்சுவிட்டு வளர்ந்து, முதல் சிரிப்பை ஸ்டைனாரைப் பார்த்துச் சிரிப்பதை ஓட்வார் கற்பனை செய்து பார்த்தான். மறுநாளே ஆய்வகத்தில் ஒரு வில்லைக்குச் சொல்லிவிட்டான்.

மார்ச்சில் முடிவு வந்தது. பதினெட்டு. இங்வில் அப்பா வீட்டுக் கீழறைக்கே வந்தாள். ஏப்ரலில் குழந்தையும் வந்தது. ஓட்வார் காலையில் எழுந்ததும் போய் ஜன்னலைத் திறப்பான்; அவன் படியேறுவதற்குள் இங்வில் சாத்துவாள். "குழந்தைக்குக் குளிருதுப்பா. அதான் பதினெட்டுன்னு நீங்களே சொன்னீங்களே."

மே மாதத்தில் தெருவே கூடி, குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய பொடிக்கல்லைப் பெருக்கும் நாள் வந்தது. ஸ்டைனார் முதலில் குழாயால் தெருவை நனைத்தான். தூசி நெஞ்சுக்குள் போகுமாம். முகமூடி வேறு ஆளுக்கொன்று கொடுத்தான். லிவ் நன்றி சொல்லி மாட்டிக்கொண்டாள். ஓட்வார் வெறும் முகத்தோடு காய்ந்த இடமாகத் தேடிப் பெருக்கி இருமினான். பிறகு வாஃபிளும் காப்பியுமாக எல்லோரும் உட்கார்ந்தபோது, யாரும் கேட்காமலேயே தன் எண்ணை எடுத்துவிட்டான்.

ஸ்டைனார் வாஃபிளைக் கீழே வைத்தான். "பதினெட்டா? நான் விசிறி போட்டு உறிஞ்சியே நாப்பதுதான் வந்துச்சு. ரெண்டு வீடும் ஒரே பாறைமேலதானே நிக்குது, ஓட்வார்?"

"வீட்டை வச்சுக்கிற விதத்துல இருக்கு," என்றான் ஓட்வார்.

அந்த வருடத்திலேயே ருசியான வாஃபிள் அதுதான். ஸ்டைனாரின் முகம் சுருங்கும் என்று காத்திருந்தான். சுருங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டைனார் எழுந்து வீட்டுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் ரிப்பன் கட்டிய பெட்டி. அவனுடைய சொந்தக் கருவி, நாள்தோறும் அளவு காட்டுவது. தனக்கு இனி எதற்கு, குழந்தைக்கு இருக்கட்டும் என்றான். இங்வில் அவனைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கீழே இறங்கினார்கள். தொட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஸ்டைனார் கருவியை வைத்தான். காலையில் ஓட்வார் திறந்து, இங்வில் எப்படியோ சாத்தாமல் விட்டிருந்த ஜன்னல் அவன் கண்ணில் பட்டது.

"அளக்கும்போது இது மூடியிருக்கணும்," என்று ஸ்டைனார் சாத்திக் கொக்கியைப் போட்டான். "நாளைக்கு முதல் நம்பர் வந்துடும்."

கருவியின் திரையில் ஒரு சிறு கோடு சுற்றிக்கொண்டிருந்தது. லிவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் ஓட்வாரைப் பார்த்ததுபோல. குழந்தை வாயைத் திறந்து, அறையின் காற்றை நிதானமாக உள்ளே இழுத்தது.

ஓட்வார் குனிந்து தொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் பிடி, ஸ்டைனார்."

"எங்கப்பா கொண்டுபோறீங்க?" என்றாள் இங்வில்.

ஓட்வார் தொட்டிலை மாடிக்குப் போகும் படிப்பக்கம் திருப்பினான். படிக்கட்டு குறுகல், ஒருவர்தான் முன்னால் ஏறமுடியும். ஸ்டைனார் ஏறினான். கனத்தையெல்லாம் தன் பக்கம் வாங்கிக்கொண்டு, அவன் குதிகாலைப் பார்த்தபடி ஓட்வார் பின்னால் ஏறினான்.