ஓரந்தைத்த ஊஞ்சல்

கிளிக்கூண்டுக்கு என் மனைவி போட்டிருக்கும் சட்டங்களை என் பாத்திரக்கடை வாசலில் ஒட்டிவைத்தால் ஒரு வாடிக்கையாளர்கூடப் படியேற மாட்டார். உட்காரும் கொம்பு வழவழவென்று ஒரே பருமனில் இருக்கக்கூடாது, பாதம் புண்ணாகுமாம். மருந்தடிக்காத மரத்துக் கிளைதான் வேண்டும்; அதையும் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தினால்தான் உள்ளே அனுமதி. மணியில் விரல் சிக்கும்படி பிளவு இருந்தால் மணி குப்பைக்கு. ஊஞ்சலின் பருத்திக் கயிறு பிரிந்து நூல் தொங்கினால் ஊஞ்சலும் குப்பைக்கு.

இதுதான் என் அக்காவுக்குப் பொறுக்காது. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். கிழிந்ததைத் தூக்கியெறிகிறவர்களை மனிதர்களோடு சேர்த்து எண்ணவே மாட்டாள்.

"நூல் பிரிஞ்சா எறியணுமாம். அப்படிப் பார்த்தா இந்த வீட்டுல முதல்ல உன்னைத்தான்டா எறியணும்."

"கூண்டு என்னோடதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க," என்றாள் மனைவி, அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு. இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. நடுவில் நான், சம்பளமில்லாத தூதன்.

கடை விடுமுறையன்று மனைவி தினை வாங்கப் போனாள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா குப்பையிலிருந்து ஊஞ்சலை எடுத்து, பிரிந்த கயிற்றை நைலான் நூலால் சுற்றிச் சுற்றி ஓரந்தைத்து, கூண்டில் மாட்டிவிட்டாள். ஒரு பிசிறுகூட இல்லை. கல்யாண ரவிக்கைக்குக்கூட அவ்வளவு நேர்த்தி காட்டியிருக்க மாட்டாள்.

மனைவியின் கூச்சலில்தான் விழித்தேன். ஓயாமல் பேசுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய எங்கள் பட்ஜிக் கிளி, ஊஞ்சலில் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. தையல் கண்ணி ஒன்றுக்குள் விரல். உதறிய உதறலில் நூல் முறுகி, விரல் ஊதா நிறமாகிவிட்டது. பருத்தி நூலென்றால் அறுந்திருக்கும். நைலான் எங்கே அறும்?

மனைவி ஊஞ்சலோடு சேர்த்துக் கிளியை வெளியே எடுத்தாள். துணியில் பொதிந்து, நெஞ்சை அழுத்தாமல், கழுத்தை மட்டும் இரண்டு விரலிடுக்கில் பிடித்தாள். இன்னொரு கையில் ஊஞ்சல். அறுக்க மூன்றாவது கை வேண்டும். நான் கையை நீட்டினேன்.

"வேணாம். உங்க விரல் ஒவ்வொண்ணும் வாழைக்காய் மாதிரி. கால் போயிடும்."

கால் போகத்தான் போகிறதென்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வேறு வழியில்லாமல் அக்கா பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, வெட்டுங்க."

"எதை? தையலையா, என் தலையையா?"

"ரெண்டும் வேணும். முதல்ல தையல்."

அக்கா நூல் கத்திரியோடு குனிந்தாள். விரலுக்கும் நூலுக்கும் நடுவே ஊசி நுழையவும் இடமில்லை.

"கால்கிட்ட கத்திரி வந்துச்சுன்னா பார்த்துக்குங்க!"

"தைச்சவளுக்குப் பிரிக்கத் தெரியும். வாயை மூடிட்டுப் பிடி."

ஊஞ்சலின் மறுமுனையில் இருந்த முடிச்சை வெட்டி, அங்கிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக்கொண்டு வந்தாள். வக்கீல் அவள் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. ரத்தம் வந்தது.

"நல்லா கடிடா ராஜா," என்றாள் மனைவி.

அக்கா கையை இழுக்கவில்லை. இழுத்திருந்தால் காலும் கூடவே வந்திருக்கும். கடைசிச் சுற்று தளர்ந்தது, விரல் விடுபட்டது. வெகுநேரம் கழித்து ஊதா வெளுத்து, இளஞ்சிவப்பாயிற்று. கூண்டில் விட்டதும் வக்கீல் கிளையில் ஏறி, அந்தக் காலை ஊன்றியே நின்றது.

"கால் பிழைச்சுதுல்ல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்றேன். இனிமே கூண்டுப் பக்கம் வந்தீங்கன்னா, உங்க மெஷின் தெருவுல கிடக்கும்."

கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். என்னை வெளியிலேயே விட்டுவிட்டாள்.

அக்கா கட்டைவிரலைச் சப்பியபடி கதவருகே நின்று கத்தினாள்: "இடது பக்கக் கொம்பு ஆடுது! கண்ணு தெரியலையா?"

"ஒண்ணும் ஆடல!"

 பிறகு உள்ளேயிருந்து கொம்பின் திருகாணியை முறுக்கும் ஒலி மெல்லக் கேட்டது.