மூன்று வீடு தள்ளிச் சூடேறிய கிரில்

அன்று பிற்பகல் வீட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் மூவர். ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர், தெருவில் கோப்புக்காரர் என்று பெயரெடுத்தவர், மடியில் அட்டையும் தாளுமாக மடக்கு நாற்காலியில். அவர் மனைவி, உப்பும் மிளகும் தடவிய கோழித்துண்டுகளோடு பின்வாசல் படியில். மனைவியின் தம்பி எதிலும் உட்காரவில்லை. புது கேஸ் கிரில்லின் முன்னால் முழங்காலிட்டிருந்தார். மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கிரில் பற்றிக்கொண்டது. அதன் சூடு மூன்று வீடு தள்ளி, இஸ்திரி அம்மாளின் மேசையில் போய் இறங்கியது.

மச்சினர் குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் வால்வு திறந்தவர். வால்வு என்றால் ஒரே இழுப்பில் கடைசிவரை திறக்க வேண்டும், தவணை முறையில் திறப்பவன் சோம்பேறி என்பது அவர் கொள்கை. சிலிண்டரையும் அப்படியே திறந்தார். தீ நகக்கண் அளவுக்கு நின்றது. மூடியிலிருந்த வெப்பமானியின் முள் அசையவில்லை. கம்பி வலையில் விரல் வைத்துப் பார்த்த அக்கா, "ஐஸ் மாதிரி இருக்குடா," என்றார். அதே நிமிடம், இஸ்திரி அம்மாள் வீட்டில், மின்சாரத்தில் செருகாத ஓர் இஸ்திரிப்பெட்டி ஓட்டல் மேலாளரின் கால்சட்டையில் முன்னும் பின்னும் ஓட்டை போட்டது. கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த இஸ்திரி அம்மாள், ஓட்டை வழியாகவே கிரில்லைப் பார்த்தார்.

"இப்பதான் பத்த வெச்சீங்களா?"

"ஆமா."

"அதான பார்த்தேன். நான் வீட்டுக்குப் போறேன். நீங்க அணைச்சு அணைச்சுப் போடுங்க."

ஐந்து முறை அணைத்துப் போட்டார்கள். ஐந்து முறையும் மூன்றாம் வீட்டிலிருந்து "ஆறிடுச்சு", "சுடுது" என்று குரல் வந்தது. கோப்புக்காரர் ஐந்தையும் நேரத்தோடு குறித்துக்கொண்டார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மச்சினர் தெரிந்ததையெல்லாம் செய்தார். சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பர்னர் குழாயைக் கழற்றி, உள்ளே குடியிருந்த சிலந்தியைக் குடும்பத்தோடு வெளியேற்றினார். பொறி தட்டும் பொத்தானுக்குப் புது பேட்டரி போட்டார். அதற்கு முன்பும் பொறி ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. எல்லாம் முடித்து, வால்வை ஒரே இழுப்பில் திறந்தார். தீ நகக்கண் அளவுக்கு நின்றது.

கோப்புக்காரர் கம்பெனிக்கு எழுதினார். சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று கேட்டு முதல் பதில் வந்தது. மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைத்தீர்களா என்று இரண்டாவது. சூடு போய்ச் சேரும் வீடு உத்தரவாத அட்டையில் குறிப்பிடப்படவில்லையே என்று வருத்தம் தெரிவித்து மூன்றாவது. ஆதாரம் வேண்டுமே என்று, அவர் தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கிரில்லை எரியவிட்டு, கால்மணிக்கொரு முறை முள்ளின் நிலையைப் பதிவு செய்தார். முள் நகரவேயில்லை, பதிவேடு மூன்றானது.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அதற்கு முன்பு இஸ்திரி அம்மாள் விடியுமுன் எழுந்து ஓட்டலின் நிலவறைக்குப் போய், நீராவிக்கு நடுவே நின்று விரிப்புகளைத் தேய்த்தவர். இருமல் அவர் நெஞ்சிலேயே குடித்தனம் செய்தது. இப்போது விரிப்புகள் அவர் வீடு தேடி வந்தன. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள், ஜன்னலைத் திறந்து வைத்து, அத்தனையையும் தேய்த்து முடித்தார். இருமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஞாயிறன்று கோழித்துண்டுகளும் அவரிடமே போய், பதமாக வெந்து, தட்டையாக, நடுவில் ஒரு கூர்மையான மடிப்போடு திரும்பின. வந்த உறவினர்கள் மடிப்பு கலையாமல் சாப்பிட்டுவிட்டுப் பக்குவம் கேட்டார்கள்.

மூன்றாம் வருடம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த யாரோ புகாரை முழுதாகப் படித்துவிட்டார். சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், எங்கோ கசிகிறது என்று எண்ணி ரெகுலேட்டர் கேஸைச் சுருக்கிவிடும் என்று எழுதினார். கிரில்லின் திருகு குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து மாட்டி, வால்வை மெல்லத் திறந்தால் சூடு தன் இடத்துக்குத் திரும்பும்; வரலாம் என்று ஒரு வரி எழுதினால் செவ்வாய்க்கிழமை ஆள் வந்து செய்து தருவார்.

"மெல்லத் திறக்கணுமாம்!" என்று மச்சினர் கொதித்தார். "வால்வைத் திறக்கிறதா, தாலாட்டுறதா?"

"பேசாதடா. ரெண்டு நிமிஷ வேலைக்கு ரெண்டு வருஷமா கோழிக்கு இஸ்திரி போட்டுத் தின்னிருக்கோம்," என்றார் அக்கா.

செய்தி மூன்றாம் வீட்டுக்கு எட்டிவிட்டது. இஸ்திரி அம்மாள் வந்து நின்றார்.

"செவ்வாய்க்கிழமையே வர்றாங்களா ஐயா?"

"ஆமாம்மா."

"சரி, அப்ப ஓட்டல்ல சொல்லிடறேன். கீழ என் இடத்துல இன்னும் யாரையும் போடலையாம்."

போகிற போக்கில், வெகுநாளைக்குப் பிறகு, ஒரு தடவை இருமிப் பார்த்துக்கொண்டார்.

கோப்புக்காரர் தன் வாழ்நாளில் ஜெயித்த புகார் இது ஒன்றுதான். மறுநாள் காலை அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தவர் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார்.

"என்னங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை எழுத இவ்வளவு நேரமா?" என்றார் மனைவி.

அவர் மூன்றாவது தாளைக் காட்டினார். பொருள்: புகாரைத் திரும்பப் பெறுதல். மேற்படி கிரில்லில் குறை எதுவும் இல்லை. நன்றாகவே சூடாகிறது. ஆள் அனுப்ப வேண்டாம்.

மனைவி இரண்டு முறை படித்தார். "தேதி போடலையே," என்றார்.

தேதி போட்டார். பத்து மணி ஆகியிருந்தது.

"மாமா, அப்ப வால்வு?" என்றார் மச்சினர்.

"எப்பவும் போலத் திற."

"அப்படிச் சொல்லுங்க!"

ஒரே இழுப்பில் திறந்தார். தீ நகக்கண் அளவுக்கு நின்றது. கடிதத்தைப் போட்டு ஒட்டிய உறையின் பசை ஈரமாகவே இருந்தது. கோப்புக்காரர் மூன்றாம் வீட்டுக்கு நடந்துபோய், அதன்மேல் ஒரு தடவை இஸ்திரிப்பெட்டியை ஓட்டித் தரச் சொல்லி வாங்கி, பத்தரை மணித் தபாலில் சேர்த்தார்.