ஒரே ஒரு ‘வேண்டாம்’

கண்டித் தனியார் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர் ரணவீர, மாணவர்களுக்கு ஆளுக்கொரு கருவியைக் கொடுத்தார். பார்வைக்கு டீவி ரிமோட்தான்.

“பயப்படாமல் அமுக்குங்கள். யார் எதை அமுக்கினார்கள் என்று எனக்கே தெரியாது.”

முதல் கேள்வி: வன்னியில் போர் தொடர வேண்டுமா? மனிதனுக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையாம்!

மற்றவர்கள் எல்லோரும் சிங்களவரான அந்த வகுப்பின் ஒரே தமிழ்ப் பெண், கலஹா ஊர்ப் புஷ்பராணி, பல்லைக் கடித்துக்கொண்டு ‘வேண்டும்’ என்பதை அமுக்கினாள்.

திரையில் முடிவு விழுந்தது. எல்லாம் ‘வேண்டும்’, ஒரே ஒரு ‘வேண்டாம்’.

வகுப்பே திரும்பி அவளை முறைத்தது.

“நானும் வேணும்னுதானே அமுக்குனேன், பாவிகளா!” வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ‘வேண்டாம்’ அமுக்கிய முகமும் அதற்குள்தான் இருந்தது. அதுவும் அவளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது.