எதிர்க்கரை மாப்பிள்ளை

அந்த வருஷக் கோடையிலும் தாயில்பட்டி நாய்களெல்லாம் இளைத்துப்போக, செல்வலட்சுமியின் நாய் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. மற்ற நாய்கள் விலா எலும்பு தெரிய, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு குழாயடி ஈரத்தில் கிடந்தன. அவள் நாய் சிப்பாய் மட்டும் பொழுது சாயும் நேரத்தில் எங்கிருந்தோ அசைந்து அசைந்து வீட்டுக்கு வரும். வைத்த கஞ்சியை மோந்து பார்க்கும். 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துச் சாக்கடையிலிருந்து அவள் தூக்கி வந்த குட்டி அது. வீரமாக வளரட்டும் என்று சிப்பாய் என்று பேர் வைத்தாள். பேர்தான் மிச்சம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் ஊரில் பிறந்தும் அதற்கு வெடிச்சத்தம் ஆகாது. சாயங்காலம் எந்தக் கம்பெனியிலாவது சாம்பிள் வெடித்துப் பார்த்தால் போதும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொள்ளும். சின்னப் பிள்ளையாக இருந்தவரை செல்வலட்சுமியும் கூடவே போய்ச் சொருகிக்கொண்டு அதன் இரண்டு காதையும் பொத்தியிருப்பாள். அந்த இடுக்கில் உட்கார்ந்துதான் கணக்குப் பாடத்தில் தவறியதிலிருந்து, கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபின் கணக்கப்பிள்ளையிடம் வாங்கிய திட்டு வரைக்கும் எல்லாவற்றையும் அதனிடம் சொன்னாள். இப்போது அவளுக்கு வயது இருபதாகிவிட்டது, இடுக்கில் நுழைய முடிவதில்லை. சொல்வதை மட்டும் விடவில்லை.

அப்பேர்ப்பட்ட நாய் ஒரு நாள் நெற்றியில் குங்குமமும் உடம்பில் சந்தனச் சோப்பு மணமும் வாயில் மீன்குழம்பு வாடையுமாக வந்து நின்றது.

அம்மா குருவம்மாள் ஒரு தடவை மோந்து பார்த்தாள். "ஏடி, ஒன் நாய்க்கு எங்கனயோ இன்னொரு குடும்பம் இருக்குடி."

"ஆம்பளதானே, இருந்துட்டுப் போகுது" என்றார் அப்பா தங்கச்சாமி.

குருவம்மாள் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய், தேவையே இல்லாமல் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

செல்வலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. யார் வீட்டுச் சோப்பு? யார் வைத்த குங்குமம்? தன்னுடைய ரகசியமெல்லாம் தெரிந்த ஒரு ஜீவன், தனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் வைத்திருக்கிறதே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மத்தியானச் சோறு தின்றுவிட்டு ஊரே கதவைச் சாத்திப் படுத்த நேரத்தில் சிப்பாய் எழுந்து சோம்பல் முறித்துக் கிளம்பியது. செல்வலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

நாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே வெம்பக்கோட்டை அணைப்பக்கம் போய்க் கரையேறி, உள்ளே இறங்கியது. மழைக்காலத்தில் அந்த இடம் கடல்போலக் கிடக்கும். எதிர்க்கரை ஊருக்கு பஸ்ஸில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது தண்ணீர் வற்றி ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த களிமண், அங்கங்கே வெள்ளரிக்கொடி. அதற்குள் ஒற்றையடிப் பாதையில் சிப்பாய் வாலைத் தூக்கிக்கொண்டு, மாமனார் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தது. கோடைக்குக் கோடை மட்டும் இது ஏன் பெருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

எதிர்க்கரையில் ஏறியதும் முதல் வீடு. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் கயிற்றுக்கட்டில். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏலே பாலகுரு, மாப்பிள்ளை வந்துட்டாரு பாரு. தட்டை எடுத்து வையி!"

செல்வலட்சுமி சட்டென்று நின்றாள். மாப்பிள்ளை வந்திருக்கிற வீட்டில் போய் நாயைக் கேட்டு எப்படிச் சண்டை போடுவது? குடையை மடக்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, யோசித்தபடி நின்றாள். அதற்குள் ஒரு அம்மா தட்டு நிறையச் சோறும், அதன்மேல் மீன்தலையுமாக வெளியே வந்து, தட்டைச் சிப்பாயின் முன்னால் வைத்தாள்.

"வாங்க மாப்ள. இன்னைக்கு வெயிலு ரொம்பவோ?"

"பெரியம்மா!" என்று கத்தினாள் செல்வலட்சுமி. "அது எங்க நாயி!"

அந்த அம்மாவின் பேர் பாலம்மாள். அவள் நிதானமாக இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருத்தா நீ? எத்தனையோ கோடையா இங்கனதான் சாப்பிடுது. திடீர்னு வந்து எங்க நாயிங்குற?"

"சாக்கடையில கெடந்ததைத் தூக்கி வளத்தவ நானு. அதும் பேரு சிப்பாயி. மாப்பிள்ளையாம்ல, மாப்பிள்ளை!"

"பின்ன என்னன்னு கூப்பிட? வாராரு, திங்காரு, காத்தாடிக்குக் கீழ தூங்குறாரு, பொழுது சாய எந்திரிச்சுப் போயிருறாரு. ஒரு வேலை பாக்குறதில்ல. மழை விழுந்தா ஆளையே காங்கல. இதுக்கு வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?"

இந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். இடுப்பில் துண்டு, கையில் சந்தனச் சோப்பு. சோப்பைப் பார்த்ததும் செல்வலட்சுமிக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. பாலகுரு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கிற மெஷினில் வேலை பார்த்தான். இரவு ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டிலிருப்பான். நாயைக் குளிப்பாட்டத்தான் துண்டோடு நின்றான். ஒரு பெண்ணைக் கண்டதும் உள்ளே ஓடி, சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு வந்தான்.

"கூப்பிட்டுப் பாப்போம்" என்றான். "யாருட்ட வருதோ அவுக நாயி."

"சிப்பாய்! ஏ சிப்பாய்!" என்றாள் அவள்.

"மாப்ள, இங்கிட்டு வா!" என்றான் அவன்.

நாய் மீன்தலையைவிட்டு முகத்தைத் தூக்கவே இல்லை.

செல்வலட்சுமி யோசித்தாள். "எங்க நாய்க்கு வெடிச்சத்தம் ஆகாது. வேணும்னா வெடிச்சுப் பாருங்க."

"எங்க மாப்பிள்ளை அப்படியெல்லாம் பயப்பட மாட்டாரு" என்றாள் பாலம்மாள், சொந்தக்காரரை யாரோ குறை சொல்லிவிட்டதுபோல.

பாலகுரு எங்கோ தேடி ஒரு பொட்டு வெடியை எடுத்து வந்து, படிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரு போடு போட்டான். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். சிப்பாய் தட்டைத் தாண்டி, பாலம்மாளின் கால்களுக்கு நடுவில் புகுந்து, அடுப்படிக்குள் பாய்ந்தது. உள்ளே சட்டி உருண்டது. அன்றைய மீன்குழம்பு முழுவதும் தரையில் ஓடியது. அந்தக் குழம்புக்கு நடுவில் நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. நடுக்கத்தோடு நடுக்கமாக ஒரு பக்கத்திலிருந்து நக்கவும் ஆரம்பித்திருந்தது.

"ஒங்க நாய்தான்த்தா" என்றாள் பாலம்மாள்.

செல்வலட்சுமி முதலில் சிரித்தாள், பிறகு வெட்கப்பட்டு விளக்குமாற்றை வாங்கி அடுப்படியைக் கழுவிவிட்டாள். அவள் கழுவக் கழுவ பாலகுரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவன் சட்டை உள்வெளியாக இருப்பதை அவள் கவனித்தாள், ஆனால் சொல்லவில்லை. கடைசியில், வார நாட்களில் நாய் தன் இஷ்டப்படி வந்துபோகட்டும், ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து கூட்டிப்போகட்டும் என்று பேசி முடித்தார்கள். தானே நடந்து வீட்டுக்குப் போகிற நாயை எதற்கு ஒரு ஆள் வந்து கூட்டிப்போக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரம் வருவதே இல்லை. வந்தாலோ நிற்பதில்லை.

பாலகுரு நுங்கு வெட்டி வைத்திருப்பான். பாலம்மாள் மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவாள். வெயில் தணிந்ததும் செல்வலட்சுமியும் பாலகுருவும் நாயைக் குளிப்பாட்டுகிறோம் என்று அணையில் மிச்சமிருந்த தண்ணீருக்குப் போவார்கள். நாய் தன்னைத்தானே நன்றாகக் குளிப்பாட்டிக்கொண்டு நீந்தும். இவர்கள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால் வரை தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தால் போதும், மேலே அனல் அடிப்பதே தெரியாது. செல்வலட்சுமி இத்தனை வருஷமாகக் கோடையைத் திட்டித்தான் பழகியிருந்தாள். இப்போது மேகம் கூடினால் அவளுக்குப் பகீர் என்றது.

சிப்பாயிடம் சொல்வது வெகுவாகக் குறைந்துபோனது. சொல்லவேண்டியதைப் பாலகுருவிடமே சொல்லிவிடுகிறாளே. நாய் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் பாலகுரு தொண்டையைச் செருமினான். "ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"எங்கம்மாவைப் பெரியம்மான்னு கூப்பிடுறீக இல்ல..."

"ஆமா."

"அதை மட்டும் வேண்டாம். அப்புறம் நான் ஒங்களுக்கு அண்ணன்முறை ஆயிருவேன்."

செல்வலட்சுமி தண்ணீரைப் பார்த்தாள். காதுவரை சூடேறியது. "வேற எப்படிக் கூப்பிட?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றவன், அத்தோடு நிறுத்தத் தெரியாமல் தொடர்ந்தான். "எங்க மெஷின்ல முதல்ல மஞ்சள் மட்டும் விழும். பாத்தா ஒண்ணும் வெளங்காது. அப்புறம் செவப்பு, அப்புறம் நீலம். கடைசியா கறுப்பு விழுந்த பெறகுதான் லேபிள்ல இருக்கிற மொகம் தெரியும். இந்த ஆசையும் அப்படித்தான்னு தோணுது. ஒரே நாள்ல மொகம் தெரிஞ்சுறாது."

"இப்ப ஒங்களுக்கு எது வரைக்கும் விழுந்திருக்கு?"

"எனக்குக் கறுப்பு விழுந்து காஞ்சே போச்சு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள். கரையேறி, வீட்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அத்தை, நான் போயிட்டு வாரேன்!"

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "போயிட்டு வாத்தா" என்று குழைந்து வந்தது பதில்.

ஆனால் தாயில்பட்டியில் தங்கச்சாமிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நாயைக் கூட்டிவரப் போகிற மகள் எதற்குப் பூ வைத்துக்கொண்டு போகிறாள்? அடுத்த ஞாயிறு அவளைப் போகவிடாமல், "நாயை நான் கூட்டியாறேன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு சிப்பாயின் பின்னால் கிளம்பினார். யார் அந்தப் பயல் என்று பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம்.

பொழுது சாய ஆரம்பித்தது. நாயும் வரவில்லை, மனிதரும் வரவில்லை.

"அடியே, என்னடி நடக்குது அந்தக் கரையில?" என்றாள் குருவம்மாள். "நாய் போச்சு, நீ போன, இப்ப மனுசனும் போயிட்டாரு. இனி மிச்சம் நாந்தான்." கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். கொலை விழுந்திருக்குமோ என்ற பயத்தில், பாதி வழியிலிருந்து செல்வலட்சுமியே அம்மாவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் தங்கச்சாமி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் சிப்பாய் தூங்கியது. தலைமாட்டில் பாலகுரு விசிறியோடு உட்கார்ந்து, அவருக்கும் நாய்க்குமாக மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தான்.

"வந்ததும் கோவமா என்னமோ கேக்கத்தான் ஆரம்பிச்சாக" என்றாள் பாலம்மாள். "மொதல்ல சாப்பிடுங்கன்னேன். அயிரை மீனு. மூணாம் தடவை சோறு வாங்கையில என்ன கேக்க வந்தோம்னே மறந்து போச்சுன்னாக."

குருவம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், விசிறுகிறவனைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவளும் உட்கார்ந்தாள். சட்டியில் மிச்சமிருந்த குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"புளி ஒரு சுளை கம்மி" என்றாள்.

"நீங்க வந்து சொல்லிக் குடுங்க மதினி" என்றாள் பாலம்மாள்.

அந்த 'மதினி'யில் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கச்சாமி விழித்துப் பார்த்தபோது பெண்கள் இருவரும் ஆவணி மாதத்து முகூர்த்தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீபாவளி சீசனில் அச்சகத்தில் லீவு கிடைக்காது, அதற்குள் முடித்தாக வேண்டும் என்று பாலகுரு பணிவாகச் சொன்னான். யாருக்குக் கல்யாணம் என்று தங்கச்சாமி கேட்டார். கேட்ட வாயோடு அவரே மகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"ஏத்தா, ஒனக்குச் சம்மதந்தானா?" என்றார், எழுந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி. அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

"சம்மதம்ப்பா" என்றாள். சொன்னபின் ஏனோ கண் கலங்கியது. குனிந்து கட்டிலுக்கடியில் இருந்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது தூக்கம் கலைந்த எரிச்சலில் ஒரு தடவை உறுமிவிட்டு, அவள் கன்னத்தை நக்கியது.

முழுக்க இருட்டுவதற்குள் எல்லோரும் கிளம்பினார்கள். பாலகுரு பாதிவழி வரை வருகிறேன் என்று கூடவே வந்தான். வெள்ளரிக் காட்டைத் தாண்டும்போது காற்று மாறியது. மண் வாடை வந்தது. பிறகு பெரிய பெரிய துளியாகக் கோடைமழை விழுந்தது. களிமண் வெடிப்புகள் சத்தம் போட்டுத் தண்ணீர் குடித்தன.

"ஓடுங்க, ஓடுங்க" என்றாள் குருவம்மாள், ஓடாமல். தங்கச்சாமி துண்டை விரித்து அவள் தலையில் போட்டார். சிப்பாய் உடம்பை உதறி எல்லோர்மேலும் சேற்றைத் தெறித்தது. பின்னால் செல்வலட்சுமியும் பாலகுருவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற சேற்றில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி, மெதுவாக, மிக மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள்.