கழலாத சங்கிலி

1

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் ‘சும்மா எடுத்துக்கோங்க’ என்கிறார்கள். எடுத்துக்கொண்டால் போதாதாம். வெட்டலாமாம், ஒட்டலாமாம், மாற்றி ஊருக்கெல்லாம் கொடுக்கலாமாம். கொடுத்தவன் முகம் வாங்கினவனுக்குத் தெரியாது, வாங்கினவன் முகம் கொடுத்தவனுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லாம்…

[வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் திருப்பிவிடுவேன்.]

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பாடப்புத்தகத்தில் இருந்த தப்பான கணக்கிலிருந்து வந்தது. எழுதுகிறவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டினவன். ஆகவே கணக்கைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கதையைப் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்வேனா என்பது வேறு விஷயம்.

முதலில் ‘நான்’ என்று எழுதித்தான் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே புலம்பலாகிவிட்டது, எனக்கே சகிக்கவில்லை. இனிமேல் ‘கிழவர்’ என்று எழுதப்போகிறேன். கிழவரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

கிழவருக்கு ஒரு மகன், ஒரு மகள். பெரியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. சின்னவள் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அப்பாவும் மகளுமாக இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள்.

அவள் கல்லூரியில் ஒரு மானியம் அறிவித்தார்கள். மாணவர்கள் விலை கொடுத்து வாங்கும் தடிப் புத்தகத்தை விட்டுவிட்டு, யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய பாடங்களைத் தேடித் தொகுத்து, இல்லாததைத் தானே எழுதி வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் பணமும், ஒரு பருவத்துக்கு வகுப்புகளில் குறைப்பும் உண்டு. இதற்குத் திறந்த பாடம் என்று பெயர். கதவு திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நாற்காலியை நகர்த்திப் போடலாம். முதலில் எழுதியவர் பெயரை எடுக்கக்கூடாது, எதை மாற்றினோம் என்பதை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

“யாரும்மா இந்தக் காலத்துல சும்மா பணம் குடுப்பான்? எதுல கையெழுத்து வாங்கினாங்க?” என்றார் கிழவர்.

“சும்மா இல்லப்பா. ராத்திரி பகலா உழைக்கணும்.”

“உழைச்சு எழுதிட்டு அதையும் சும்மா குடுக்கணும். ஏமாத்தறதுல இது புது தினுசு.”

“என் கிளாஸ்ல பாதிப் பேருக்குப் புத்தகமே இல்லப்பா. பக்கத்துல இருக்கறவன் புத்தகத்தை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்குது.”

“சுளுக்கட்டும். நான் எட்டிப் பார்த்துதான் லாரி ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

அவள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்துக்கொண்டாள். பருவம் முழுக்க அந்த வீட்டில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.*

* இதை எழுதுவதும் அவள் அச்செடுத்துக் கழித்துப்போட்ட தாள்களின் முதுகில்தான். வெளிச்சத்தில் பிடித்தால் என் வரிகளுக்குள்ளே அவளுடைய கணக்குகள் தெரிகின்றன.

3

கணக்குக்குள் மனிதர்கள் வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஒருவர், கடன் வாங்க ஒருவர், சுவர் கட்ட நாலு பேர். அவள் வெளியே போய்த் தேடவில்லை. லாரி ஓட்டும் அப்பா வந்தார். துணி அளக்கும் அம்மா வந்தாள். (அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. புத்தகத்தில் அளந்துகொண்டேதான் இருக்கிறாள்.) வேகமும் தூரமும் என்ற பாடத்தில் அண்ணன் வந்தான்.

‘அண்ணன் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் பள்ளிக்குப் புறப்படுகிறான். சற்றுப் பொறுத்துத் தங்கை அதே வழியில் ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறாள். அவனை எங்கே எட்டிப் பிடிப்பாள்?’

வகுப்பில் ஒருத்தி கையைத் தூக்கினாளாம். “மேடம், இவங்க சேரவே மாட்டாங்க மேடம்.”

பின்னால் புறப்பட்டவள் மெதுவாக வேறு போனால் எப்படிச் சேர்வாள்? வகுப்பே சிரித்தது. சின்னவளும் சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

“எப்படிப்பா அப்படி எழுதினேன்? நான் போய் அந்தத் தப்பைப் பண்ணுவேனா?” என்று வீட்டில் வந்து கேட்டாள்.

“கண்ணாடியை மாத்து,” என்றார் கிழவர்.

அவள் தப்பாக எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவளுடைய சைக்கிள் சின்னது, கால் குட்டை. இருந்ததைத்தான் எழுதியிருந்தாள். அதற்குள் புத்தகம் வெளியே போய்விட்டது. யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

4

இந்த இடத்தில் பெரியவன் ஏன் போனான் என்று நீங்கள் கேட்பீர்கள். கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. ஒரு சண்டையைப் போட்டுப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பெரியவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, இனி இந்த வீட்டு வாசலை…

[அடித்துவிட்டேன். அவன் தட்டைத் தள்ளினதே கிடையாது. கழுவி வைப்பான்.]

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எழுத எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! வேலைக்கு வெளியூர் போனான். இரண்டு தடவை வந்தான். பிறகு போனில் பேசினான். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ பேசினார்கள். வளர்ந்த ஆள் தானாக விலகிப் போனால் தேட முடியாது என்று காவல் நிலையத்தில் கையை விரித்தார்கள். அம்மா போனபோது சொல்லி அனுப்ப முகவரி இல்லை. ஏன் என்று கிழவருக்கும் தெரியாது. காரணம் தெரிந்த பாத்திரம்தான் வேண்டுமென்றால் வேறு கதையைப் படியுங்கள்.

ஒருமுறை யாரோ அவனை ஒரு பெரிய ஊரின் பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். சின்னவள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்தப் பை மூலையில் கிடந்த மாதத்தைக் கிழவர் மறக்கவில்லை.

5

போன வாரம் கல்லூரி நூலகர் வீட்டுக்கு வந்தார். மானியத்தைக் கவனிப்பவர் அவர்தான். கிழவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கொடைவள்ளல்.

“வேற ஒரு காலேஜ்ல உங்க புத்தகத்தை எடுத்து நடத்தறாங்க மேடம். அந்தத் தப்புக் கணக்கைத் திருத்திப் போட்டிருக்காங்க. நம்மளும் அதையே எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை இறுதி வடிவம் குடுத்துட்டா மானியத்தை முடிச்சுடுவேன்.”

சின்னவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எண்ணை மாத்திட்டானா?” என்றார் கிழவர்.

“இல்லப்பா. எண்ணைத் தொடவே இல்ல. தங்கை அதே மாதிரி மெதுவாத்தான் வரா. அண்ணனை நிறுத்திட்டாங்க.”

வாசித்தாள். ‘சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அண்ணன் பாதி வழியில் இறங்கி, அதைச் சரிசெய்வதுபோல் நிற்கிறான். தங்கை வந்து சேர அவன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?’

கிழவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த முதல் வரி கணக்குக்கு வேண்டாத வரி மேடம். எடுத்துடுங்க. பசங்க குழம்பிடுவாங்க,” என்றார் நூலகர்.

“யார் திருத்தினாங்க?”

“சாயங்கால வகுப்பு எடுக்கறவராம். பேர் போட வேணாம்னுட்டாராம்.”

நூலகர் போனபிறகு அவள் தாளோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணன் சைக்கிள் சங்கிலி தினமும் கழலுமேப்பா.”

“எந்தச் சைக்கிளுக்குத்தான் கழலாது?”

“நிறுத்தணும்னு யாருக்குப்பா தோணும்?”

“சோம்பேறி வாத்தியாருக்குத் தோணும். எண்ணை மாத்தினா எல்லாத்தையும் திரும்பப் போடணும். அதுக்கு அண்ணனை நிறுத்திட்டான்.”

அவள் தாளை இன்னொரு தடவை படித்தாள். பிறகு தானாகவே தலையாட்டினாள்.

“நீங்க சொல்றதும் சரிதான். சங்கிலிக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்கே. அண்ணனா இருந்தா இப்படி எழுதுவானா? நெஜமாவே கழண்டு, கையெல்லாம் கிரீஸோட நிப்பான். நான்தான் பார்த்திருக்கேனே. இது வேற யாரோ. அந்த வரியை எடுத்துடறேன்.”

“எடுத்துடு,” என்றார் கிழவர்.

6

[இந்தப் பகுதியைக் கதையில் வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.]

பள்ளிக்கூடம் போகும் வழியில், சாலைக்கு எதிர்ப்பக்கம், லாரி நிறுத்துமிடம் இருந்தது. கிழவர் அப்போது கிழவர் இல்லை. காலையில் வண்டிக்குள் உட்கார்ந்து சரக்கு ஏற்றக் காத்திருப்பார். பெரியவன் காற்றாக வருவான். திரும்பிப் பார்ப்பான். தங்கை தூரத்தில் புள்ளியாக வருவாள். உடனே இறங்கிக் குந்திவிடுவான். சங்கிலி அதன் இடத்தில் சமர்த்தாக இருக்கும். விரலால் அதை அழுத்தித் தடவுவான், கறுப்பு ஒட்டட்டும் என்று. அக்குள் இடுக்கு வழியாக ஓரக்கண்ணால் பார்ப்பான், எவ்வளவு தூரத்தில் வருகிறாள் என்று. அவள் மணியடித்துக் கத்திக்கொண்டு அவனைத் தாண்டிப் போவாள். தாண்டியபிறகுதான் எழுந்து கையைத் துடைப்பான்.

கிழவர் அவனிடம் கேட்டதில்லை. அவளிடம் சொன்னதும் இல்லை. ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்து குதிக்கிற பிள்ளையிடம் என்னவென்று சொல்வது?

கணக்குக்கு வேண்டாத வரி என்று நூலகர் சொன்னது இதைத்தான்.

இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. சொன்னால் அந்த நிமிஷமே பையை எடுப்பாள். பேருந்து நிலையத்தில் நின்ற மாதிரி ஒரு கல்லூரி வாசலில் போய் நிற்பாள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்த வரி போய்விடும்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கிழவர் சொல்கிறார், அவள் போகிறாள். சாயங்கால வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிற ஆள், கதவுச் சத்தம் கேட்டு, கையில் சாக்பீஸோடு…

[இப்படித்தான் முடியவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆசையை நம்பி நான் வண்டி ஓட்டினதில்லை, கதையை மட்டும் ஓட்டவா?]

கிழவர் சொல்கிறார், அவள் போகிறாள். முன்பின் தெரியாத ஒரு வாத்தியார் அவளை உட்காரவைத்துத் தேநீர் வாங்கித் தருகிறார். “எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா மேடம்” என்கிறார். உலகத்தில் எத்தனை அண்ணன்கள், எத்தனை சங்கிலிகள்! அவள் திரும்பி வருகிறாள். பை மூலையில் கிடக்கிறது. இதை நம்ப முடிகிறது. ஆனால் இதை எழுதியபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிழவர் சொல்லவில்லை. எங்கோ ஓர் அறையில் ஒருத்தன் இறுதி வடிவத்தைத் திறக்கிறான். தன்னுடைய வரியைத் தேடுகிறான். அது இல்லை. தங்கைக்கு அது தெரியாமலே போகட்டும் என்று நினைக்கிறானா, யாருக்கும் வேண்டாம்போல என்று நினைக்கிறானா… மூடிவிடுகிறான்.

8

இன்றைக்கு வியாழன். சின்னவள் உள்ளே அந்த வரிக்கு வந்துகொண்டிருக்கிறாள். பக்கம் திருப்பும் சத்தம் கேட்கிறது.

இந்தத் தாள்களை அவள் கணக்குப் போட்டுப் பார்க்க எடுக்கும் பழைய தாள் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டேன். கடைசித் தாள் மட்டும் கையில் இருக்கிறது. முதலில் அவள் கையில் வருவது ஆறாம் பகுதியாக இருக்கலாம், கிழவரின் புலம்பலாக இருக்கலாம், எதுவுமே வராமலும் போகலாம். அது என் பொறுப்பில்லை. அவள் புத்தகத்துக்கு இருக்கும் சட்டமே இதற்கும். எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் யாரிடமாவது சொல்லுங்கள்.

கிழவர் இதையும் மேசைமேல் போட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறார். அந்தத் திருத்தம் பெரியவன் செய்ததுதான் என்று அவர் நம்பவில்லை. முகம் தெரியாதவன் சும்மா கொடுத்த ஒரு வரியை நம்பிப் பெண்ணைப் பேருந்து ஏற்றுவதா? தெருமுனை வரை விடுவிடென்று நடக்கிறார். அங்கே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார்.

வாருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அவர் இன்னும் நம்பவில்லை. நிமிர்ந்து மெதுவாக நடக்கிறார். முட்டிவலி, வேறு அர்த்தம் எடுக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கை நீங்கள் போடுங்கள்.